பகடை துகில்: கூத்தில் விதியும் கதைப்போக்கும்

பகடை துகில் தொண்டை மண்டலத் தெருக்கூத்தில் ஆடப்படும் பாரதக் கூத்துகளில் ஒன்று. தருமன் சூதில் நாட்டையும் தம்பியரையும் தன்னையும் பாஞ்சாலியையும் தோற்பதும், துரியோதனன் சபையில் பாஞ்சாலியின் துகிலைத் துச்சாதனன் உரிய முயல்வதும் இதன் கதை. ஏட்டிலும் நோட்டிலும் 'துகில்' என்று இருந்தாலும் பேச்சு வழக்கில் இது 'பகடை துயில்' ஆகிவிட்டது.

பகடையை உருட்டிக் கதை சொல்லும் இன்னொரு கலை கடந்த ஐம்பது ஆண்டுகளாக மேலைநாடுகளில் வளர்ந்துள்ளது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டு அது. விதிப்புத்தகம் சொல்வதே முடிவா, கதை போகும் போக்குக்கு விதி வளைய வேண்டுமா என்ற வாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. அந்த வாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பகடை துகிலைப் பார்த்தால், கூத்தின் கட்டுமானத்தில் சாதாரணமாகக் கண்ணில் படாத சில இடங்கள் தெரிகின்றன.

மேசை விளையாட்டின் வாதம்

விளையாட்டின் அமைப்பு எளிது. ஒருவர் நடத்துநர். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று பாத்திரங்களை ஏற்கிறார்கள். நடத்துநர் ஒரு சூழலைச் சொல்லி 'இப்போது என்ன செய்கிறாய்?' என்று கேட்கிறார். ஆடுபவர் தன் பாத்திரம் செய்வதைச் சொல்கிறார். அது பலிக்குமா என்பது ஐயமானால் பகடை உருளும். கதையின் முடிவு நடத்துநர் உட்பட யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

இதன் வேர் போர்ப் பயிற்சியில் இருக்கிறது. 1824-இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், வரைபடத்தின்மேல் கட்டைகளை நகர்த்தி, பகடையால் சேதத்தைக் கணக்கிடும் 'கிரீக்ஸ்பீல்' என்ற போர் விளையாட்டின் விதிகளை வெளியிட்டார். விதிகள் நுணுக்கமானவை, அட்டவணைகளைப் புரட்டியே பொழுது போயிற்று. 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி அந்த அட்டவணைகளை ஒதுக்கிவைத்தார். அனுபவமுள்ள நடுவர் பார்த்துச் சொல்வதே போதும் என்பது அவர் கட்சி. இன்றைய வாதத்தின் இரு தரப்பும் அப்போதே உருவாகிவிட்டன.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் 1974-இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மூன்று சிறு புத்தகங்களாக வந்தது. இடைவெளிகள் நிறைய, ஆடுபவர்கள் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். அடுத்து 1977 முதல் 1979 வரை வந்த விரிவான பதிப்பு மூன்று பெரிய புத்தகங்கள். ஊருக்கு ஊர் வேறு மாதிரி ஆடினால் போட்டி நடத்த முடியாது என்பது அதற்கு ஒரு காரணம். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவதுபோல, 1991-இல் எரிக் வூஜிக்கின் 'ஆம்பர்' பகடையே இல்லாமல் வந்தது.

இந்த வரிசையில் கவனிக்கத்தக்கது 2010-இல் பேக்கர் தம்பதியர் உருவாக்கிய 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்'. ஆறு முகப் பகடைகள் இரண்டை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை 10 அல்லது மேல் என்றால் எண்ணியது நடக்கும். 6 அல்லது கீழ் என்றால் நடத்துநர் கை ஓங்கும். 7 முதல் 9 வரை வந்தால் எண்ணியது நடக்கும், ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும். கூட்டல் கழித்தல் எதுவும் இல்லையென்று வைத்துக்கொண்டால் 36 சாத்தியங்களில் 15 இந்த நடுப்பகுதியில் விழுகின்றன. விதி இங்கே கதையை முடித்துவைப்பதில்லை. அடுத்த சிக்கலைத் தந்துவிட்டு விலகிக்கொள்கிறது. (இதே கணக்கை மாணவர்கள் வீட்டுத் தாயக்கட்டையில் போட்டுப் பார்க்கலாம். 0, 1, 2, 3 என்று நான்கு முகமுள்ள இரண்டு கட்டைகளில் தாயம் விழ 16-இல் 2 வாய்ப்பு; பன்னிரண்டு விழ 16-இல் ஒன்றே ஒன்று.)

கூத்தில் எழுதியதும் எழுதாததும்

கூத்தில் நிலைமை தலைகீழ். பகடை எப்படி விழும் என்பது ஊருக்கே தெரியும். சகுனி உருட்டினால் சகுனிதான் ஜெயிப்பான். அந்தப் பகடை சகுனியின் தகப்பன் எலும்பில் செய்தது என்ற கதையும் தமிழ் வழக்கில் பரவலாக உண்டு. முடிவு தெரிந்த சூதாட்டத்தைப் பார்க்க ஜனங்கள் ஏன் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்?

திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்களில் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார். இரவில் கூத்து நடக்கும். வில்லிபுத்தூராரின் பத்துப் பருவங்களும் பதினெட்டாம் நாள் போரோடு முடிகின்றன; விழாவும் பதினெட்டாம் போர், படுகளம், தீமிதி என்று முடிகிறது. வில்வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம் என்ற வரிசையை யாரும் மாற்றுவதில்லை. இது முதல் விதி.

ஒவ்வொரு இரவுக்குள்ளும் சட்டகம் உண்டு. பாத்திரம் திரைக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டு வரும். திரை விலகும். விருத்தம், தரு, வசனம் என்று மாறி மாறிச் செல்லும். மத்தளம், தாளம், முகவீணை, ஆர்மோனியம் சூழப் பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிப் பாடுவார்கள். வேடமும் வரையறுக்கப்பட்டது: கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகிய கட்டை அணிகள் ராஜ வேடத்துக்கு. இந்த அணிகளை வைத்தே இக்கலையைக் 'கட்டைக்கூத்து' என்று அழைக்க வேண்டும் என்பாரும் உண்டு.

எழுதப்பட்டவை பாட்டுகள்தாம். பாட்டு நோட்டில் இருக்கும். வாத்தியார் நெஞ்சில் இருக்கும். சென்னையில் இரத்தின நாயகர் அண்ட் ஸன்ஸ் போன்றோர் அச்சிட்ட மலிவு நூல்களிலும் இருக்கும். அந்த நூல்களில் வசனமும் உண்டு என்றாலும், அதை அப்படியே ஒப்பிக்கும் நடிகரை ஜமாவில் நல்ல நடிகர் என்று சொல்லமாட்டார்கள். பாட்டு சொன்னதை வசனத்தில் விரிப்பதும், எதிர்வேடம் மடக்கினால் அதே மூச்சில் பதில் தருவதும் நடிகர் பொறுப்பு. ஹான்னே டி ப்ரூயின் 1999-இல் வெளியிட்ட கட்டைக்கூத்து நூலின் துணைத்தலைப்பிலேயே இக்கலையின் நெகிழ்வுத்தன்மையைக் குறித்தார். பொருத்தமான சொல். எனினும் எங்கே நெகிழும், எங்கே நெகிழாது என்று பிரித்துப் பார்க்கும்போதுதான் அந்தச் சொல்லுக்குப் பயன் உண்டு.

மேசை விளையாட்டில் செயலின் பலனை விதி தீர்மானிக்கிறது. பேச்சும் போக்கும் அவரவர் கையில். கூத்தில் பலனைக் கதை எப்போதோ தீர்மானித்துவிட்டது. பாட்டும் வரிசையும் அதற்குக் காவல். மிஞ்சும் இடம் 'ஏன் இப்படிச் செய்கிறாய்' என்ற கேள்விக்கானது. ஜனங்கள் உட்கார்ந்திருப்பது அதைக் கேட்கத்தான்.

கட்டியங்காரன்

மேசையின் நடத்துநருக்கு மிக அருகில் வரும் கூத்துப் பாத்திரம் கட்டியங்காரன். வரும் ராஜாவை 'யார் நீங்கள், எந்த ஊர், என்ன காரியம்?' என்று கேட்டு அவர் வாயாலேயே அவர் வரலாற்றை வரவழைப்பது இவன்தான். வாயிற்காவலன், தூதன், சேவகன் என்று தேவைப்பட்ட ஆளாக மாறிக்கொள்வான். ராஜாவின் செந்தமிழை ஊர்த்தமிழில் சபைக்கு மொழிபெயர்ப்பான். தண்ணீர்ப் பஞ்சம், நில விலை, தேர்தல் எல்லாம் அவன் வாயில் அஸ்தினாபுரத்துச் செய்தியாக வரும். அடுத்த வேடக்காரர் அரிதாரம் முடித்து வரவில்லையென்றால் அந்த இடைவெளியை நிரப்புவதும், கூட்டம் தூங்கி விழுந்தால் தட்டி எழுப்புவதும் அவனே.

ஆனால் ஒரு வேற்றுமை முக்கியமானது. மேசை நடத்துநர் நினைத்தால் அரக்கனைக் கொல்லலாம், பிழைக்க வைக்கலாம். அதிகாரம் அவரிடம் குவிந்திருப்பதால்தான் விதிப்புத்தகத்தைக் கேட்கிறார்கள் ஆடுபவர்கள். கட்டியங்காரனுக்குக் கதையின்மேல் துளி அதிகாரமும் இல்லை. துரியோதனனைக் கேலி செய்யலாம்; தடுக்க முடியாது. அதிகாரம் இல்லாதவனுக்கு அளவில்லாத பேச்சுரிமை என்பது கூத்தின் ஏற்பாடு. தருமனின் பகடையை ஒரு முறைகூட நல்லபடி விழவைக்க முடியாதவன் பேசுகிறான் என்பதால்தான் அவன் பேச்சுக்குச் சிரிப்பும் வருகிறது, கசப்பும் வருகிறது.

இந்த உரிமைக்குக் காவல் எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெண்களைப் பற்றியும், உடற்குறை உள்ளவர்களைப் பற்றியும், கூட்டத்தில் எளியவர்கள் யாரோ அவர்களைப் பற்றியும் கீழ்த்தரமான நகைச்சுவை கட்டியங்காரன் வாயில் மலிந்திருக்கிறது. எழுதப்படாதது என்பதால் அதை யாரும் திருத்துவதும் இல்லை. 'மரபு' என்ற பெயரால் இதை மன்னிக்கும் விமரிசனம் கூத்துக்கு நன்மை செய்யவில்லை. பாட்டைத் தவறாகப் பாடினால் நிறுத்தித் திருத்தும் வாத்தியார், தவறான நகைச்சுவையையும் நிறுத்தலாம்.

பாஞ்சாலி கேட்ட கேள்வி

பகடை துகிலின் மையம் துகில் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு முந்திய ஒரு கேள்வியே மையம். தன்னைச் சபைக்கு இழுத்துவர ஆள் வந்தபோது பாஞ்சாலி அழவில்லை, கேட்கிறாள். தருமன் முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா? தன்னைத் தோற்று அடிமையானவருக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை?

இது விதி பற்றிய கேள்வி. ஆட்டத்துக்குள் நின்று, ஆட்டத்தின் விதியைக் கொண்டே எழுப்பப்பட்டது. சகுனி இதுவரை விதிப்படியே ஜெயித்துக்கொண்டிருக்கிறான். மேசை விளையாட்டில் விதியின் எழுத்தைக் காட்டி எதையும் சாதிக்கும் ஆட்டக்காரர்கள் அவனுக்குத் தம்பி முறை. அவன் ஆயுதத்தாலேயே பாஞ்சாலி அவனை மடக்குகிறாள். நடுவராக இருக்க வேண்டிய பீஷ்மர், வியாச பாரதத்தில், தருமம் நுட்பமானது என்று சொல்லி நழுவுகிறார். நூறு பேரில் விகர்ணன் ஒருவனே அவளுக்காகப் பேசுகிறான்.

விதியா, நடுவர் தீர்ப்பா என்று வாதிடுபவர்கள் இந்தச் சபையை நினைத்துப் பார்க்கலாம். விதி இருந்தது, அது சகுனிக்கு உதவியது. அனுபவமுள்ள நடுவர்களும் இருந்தார்கள், வாய் திறக்கவில்லை. வெர்டி டு வெர்னுவா நம்பிய மூத்த அதிகாரியின் நல்லறிவு, அந்த அதிகாரி யார் சோற்றைச் சாப்பிடுகிறார் என்பதையும் பொறுத்தது.

கூத்தில் இந்தக் கட்டம் தர்க்கமாக நடக்கும். பாட்டு ஓர் எலும்புக்கூட்டைத் தரும், சதையெல்லாம் வசனம். பாஞ்சாலி வேடம் கட்டுபவர் கெட்டிக்காரராக இருந்தால், மனுநீதி முதல் ஊர்ப் பஞ்சாயத்து வழக்கம் வரை எல்லாவற்றையும் இழுத்துவந்து சபையைக் கேள்வி கேட்பார். எதிரே இருப்பது துரியோதனன் சபை மட்டுமல்ல, பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஊரும்தான். மரபில் இந்த வேடம் ஆண்களுடையது. பெருங்கட்டூர் இராஜகோபால் முதலியோர் 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சிபுரம் அருகே 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் கூத்துப் பயின்றார்கள். இதே வாதம் ஒரு பெண் குரலில் வரும்போது, பாட்டில் ஓர் எழுத்து மாறாவிட்டாலும் கேள்வியின் கனம் மாறிவிடுகிறது. 'ஆண்களே ஆட வேண்டும்' என்பது கதையின் விதியல்ல என்பதும் அதனால் தெளிவாயிற்று. கூத்தின் விதிகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

தொடக்கூடாத இடங்கள்

வசனம் எவ்வளவு நெகிழ்ந்தாலும் சில இடங்களில் கூத்து இறுகிவிடும். துகில் உரியும் கட்டத்துக்கு முன் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் காட்டுவது உண்டு. துச்சாதன வேடக்காரர் வேடத்திலிருந்து வெளியே வந்து, 'இது நடிப்பு, பொறுத்துக்கொள் தாயே' என்ற பொருளில் அம்மனிடம் மன்னிப்புக் கேட்பதும் உண்டு. பார்ப்பவர்களுக்கும் சில சமயம் நடிகர்களுக்கும் ஆவேசம் வரும் கட்டம் இது. மேசை விளையாட்டுக்காரர்கள் அண்மைக் காலத்தில் 'எக்ஸ் அட்டை' என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கதை யாருக்காவது தாங்க முடியாத இடத்துக்குப் போனால் மேசையிலுள்ள அட்டையைத் தொட்டால் போதும். காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிடுவார்கள். கூத்தால் காட்சியை விட முடியாது. அதனால் நடிகன் ஒரு கணம் வெளியே வந்து நிற்கிறான்.

அர்ச்சுனன் தபசு இன்னும் கண்டிப்பானது. விரதம் இருந்த நடிகர் உயரமான தபசு மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். மேலிருந்து எலுமிச்சம்பழம், வில்வம், விபூதி விழும். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். அங்கே யாரும் படியைத் தாண்டுவதில்லை.

நெம்மேலியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வரும் மாமல்லபுரத்தில் இதே பெயரில் பல்லவர் காலப் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. ஒற்றைக்காலில் நிற்பவன் அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா என்று அறிஞர்கள் பிரிந்து நிற்கிறார்கள். கல்லில் செதுக்கியதற்கே இரண்டு கதை! அந்தப் பெரும் பாறையின் கீழ்ப்பகுதியில், தவசியைப் பார்த்து அப்படியே கையைத் தூக்கி நிற்கும் ஒரு பூனையும், அதை நம்பி வந்த எலிகளும் உண்டு. சிற்பியின் கட்டியங்காரன் என்று அந்தப் பூனையைச் சொல்லலாம்.

சுருங்கும் இரவு

கூத்தின் நெகிழ்ச்சிக்கு இன்று வெளியிலிருந்து வரும் விதிகளே பெரிய சோதனை. 1954-ஆம் ஆண்டுச் சட்டம் நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் முன்கூட்டித் தரச் சொன்னது. எழுத்தாளர் ஞாநி தொடர்ந்த வழக்கில் 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் பிரிவுகளைச் செல்லாதவை ஆக்கியது. கட்டியங்காரன் எந்தப் பிரதியைக் கொடுத்திருப்பான் என்று அந்தச் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இன்னும் நடைமுறையில் உள்ளன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டில் 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். கூத்து தொடங்குவதே ஏறக்குறைய 10 மணிக்கு. விதியின் நோக்கம் நியாயமானது. நோயாளியும் படிக்கும் பிள்ளையும் தூங்க வேண்டும். ஆனால் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் விடிய விடிய நடந்த கலை இது. குரலையும் முகவீணையையும் நம்பித் திரும்பினால் கூட்டம் சிறுக்கும். சிறிய கூட்டத்துக்கு ஏற்ற வசனம் மறுபடி வரலாம். அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியவர்கள் ஜமாக்களும் ஊர்ப் பெரியவர்களும்.

அதைவிடக் கேடு இரண்டு மணி நேரக் கூத்து. நகர விழாக்களும் கல்லூரி மேடைகளும் காணொளிகளும் கேட்பது இதைத்தான். ஜமா மறுக்க முடியாது, அது வருமானம். எட்டு மணி நேரத்தை இரண்டாகச் சுருக்கும்போது எதை வெட்டுவது? நோட்டில் எழுதியிருப்பது தப்பிக்கிறது. திரைவரவு, கிறுகி ஆடுதல், துகில் உரிதல் ஆகியவை கண்ணுக்கு நிறைவானவை, அவையும் தப்பிக்கின்றன. தர்க்கம் போய்விடுகிறது. கட்டியங்காரன் பத்து நிமிடக் கோமாளி ஆகிறான். பாஞ்சாலி இழுத்துவரப்படுகிறாள், அலறுகிறாள், கண்ணன் சேலை தருகிறான். அவள் கேட்ட கேள்வி மட்டும் இல்லை. விதி முழுவதும் காப்பாற்றப்பட்ட இந்தச் சுருக்கத்தில் கூத்து பிழைத்ததாகச் சொல்வது கடினம்.

நகர நாடகமும் ஏறக்குறைய இதையே செய்தது. ந. முத்துசாமி 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கியபின் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கலை சென்னை நாடகக்காரர்களுக்கு அறிமுகமாயிற்று; அதனால் கூத்துக்கு மதிப்பும் கூடியது. ஆனால் அங்கிருந்து நகரம் எடுத்துக்கொண்டவை அடவும் குரலும் ஒப்பனையும். வசனம் நாடகாசிரியர் எழுதியபடியே இருந்தது. நடிகன் எதிர்வேடத்தை அந்த இடத்திலேயே மடக்கும் உரிமை பயணம் செய்யவில்லை.

ஊரில் பாரத விழா நடக்கும் இடங்களில் ஒரு நாள் மட்டும் இந்தக் கத்திரிக்குத் தப்புகிறது. படுகளத்தன்று காலை, மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் தரையில் கிடக்கும். பீமனும் துரியோதனனும் வேடத்தோடு அதைச் சுற்றி வந்து வாதாடுவார்கள். வாதம் எவ்வளவு நீள வேண்டும் என்பது அன்றைய வெயிலையும் இரண்டு நடிகர்களின் தொண்டையையும் பொறுத்தது. தொடை பிளந்து, பகடை துகில் இரவில் அவிழ்ந்த பாஞ்சாலியின் கூந்தல் முடிக்கப்பட்ட பிறகே ஜமா வேடம் கலைக்கும்.